எனக்குக் கிடைக்காத அப்பா, என் மகனுக்குக் கிடைத்த தாத்தா

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு 43 வயது. அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. அவருக்கு 74. அழ வேண்டியதையெல்லாம் அழுது முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது வந்திருக்கும் சிக்கல் ஒரு நோட்டுப் புத்தகம்.

அண்ணன்தான் ஆரம்பித்து வைத்தார். அப்பாவைப் பற்றி ஆளுக்குக் கொஞ்சம் எழுதி ஒரே நோட்டில் சேர்த்து வைப்போம், பேரப்பிள்ளைகள் வளர்ந்ததும் எடுத்துப் படிக்கட்டும் என்றார். நல்ல யோசனை. அண்ணன் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டார். பிறந்த தேதி, படிப்பு, வேலையில் சேர்ந்த வருடம், பதவி உயர்வு, ஓய்வு என்று வரிசையாக, அரசாணை மாதிரி. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியதில் அம்மாவின் பக்கமும் முடிந்தது. என் மகனுக்கு ஒன்பது வயது. பத்தே நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு விளையாட ஓடிவிட்டான். என் பக்கம் மட்டும் மூன்று மாதமாக வெள்ளையாகக் கிடக்கிறது.

மகன் எழுதியதை அப்படியே தருகிறேன்: “நானும் தாத்தாவும் தினமும் செஸ் விளையாடுவோம். தாத்தா எப்பவும் தோத்துடுவார். வேணும்னேதான் தோக்கறார்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு தாத்தாவுக்குத் தெரியாது. மொத்தம் நான் 61, தாத்தா 4. அந்த நாலு தடவை அவர் மறந்துபோய் ஜெயிச்சிட்டார்.”

படித்த எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு மட்டும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

எனக்குச் செஸ் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அப்போது எனக்கு ஏழு வயது. ஒரே ஒரு ஆட்டம்கூட விட்டுக்கொடுத்ததில்லை. கவனிக்காமல் ராணியை ஆபத்தான கட்டத்தில் வைத்துவிட்டேன் என்றால், ஒரு நொடி கையை அந்தரத்தில் நிறுத்துவார். நான் பார்க்கிறேனா என்று பார்ப்பார். பிறகு எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வார். “கண்ணு எங்க இருந்துச்சு?” அவ்வளவுதான் பேச்சு. பதினோரு வயதில் போர்டை மடித்து வைத்தேன், அதற்குப் பிறகு தொடவே இல்லை. மார்க்கும் அப்படித்தான். 92 வாங்கிக்கொண்டு வந்தால் “மீதி எட்டு எங்க?” எனக்கு வேலை கிடைத்த அன்று ஓடிவந்து சொன்னேன். “சரி” என்றார். அந்தச் சரிக்குள் என்ன இருந்தது என்று இருபது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை, பள்ளிக் கட்டணத்தை ஒரு நாள் தாமதமாகக் கட்டியதில்லை. பெரிய மழை வந்தால் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு நிற்பார். தன் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்திருப்பார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அதே மனிதர் பேரன் பிறந்ததும் தரையில் உட்கார்ந்து பொம்மை லாரிக்கு வாயால் ஹாரன் அடித்தார். அவன் பள்ளியில் கிறுக்கிய படத்தைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். “பிரமாதம்டா” என்றார். அந்த வார்த்தை அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். யார் இவர்?

ஒரு நாள் வாய் சும்மா இருக்கவில்லை. “தாத்தா எனக்கு இப்படியெல்லாம் ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததே இல்ல, தெரியுமா?” என்று மகனிடம் சொல்லிவிட்டேன். “பொய் சொல்றம்மா. தாத்தா அப்படி இல்ல” என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அப்பாவை நினைக்க உட்கார்ந்தால் முதலில் வருவது கடைசி ஐந்து வாரம்தான். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. மூக்கில் குழாய். அதைப் பிடுங்கிவிடுகிறார் என்று வலது கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். ஒரு சாயங்காலம் என்னைப் பார்த்து அந்தக் கையை ஆட்டிக் காட்டினார். அவிழ்த்துவிடு என்கிறார், புரிந்தது. நர்ஸ் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான்கு நாள் கழித்து, நான் இல்லாத நேரத்தில் போய்விட்டார்.

போனில் அவருடைய குரல் ஒன்று இருக்கிறது. நோய் வருவதற்கு முன்னால் அனுப்பியது. 14 நொடி. “ம்... எடுத்துட்டியா... இது பதிவாகுதா... சரி, ஒண்ணுமில்ல, சும்மாதான். வெச்சிடறேன்.” இதை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். யாருக்கும் தெரியாது.

என் இளைய மகளுக்கு இரண்டரை வயது. படத்தைக் காட்டினால் “தாத்தா” என்கிறாள். நாங்கள் சொல்லிக்கொடுத்ததால்தான் சொல்கிறாள் என்று தோன்றுகிறது.

“போனவரப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா, அதுல என்ன யோசனை?” என்று அம்மா கேட்கிறார். நல்லதாக எழுதினால் பொய் எழுதியது போல இருக்கிறது. உண்மையை எழுதினால் துரோகம் செய்தது போல இருக்கிறது. பெற்ற பிள்ளைமீது பொறாமைப்படுகிற ஒரு தாய் எதை எழுதினாலும் உருப்படுமா என்றும் தெரியவில்லை. நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம் என்று கேட்கும் ஒரு மகள்

•

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் அப்பா என்ற ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். ராணியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டவர் ஒருவர். மறந்துபோய் நான்கு முறை ஜெயித்தவர் ஒருவர். கட்டிலில் கையை ஆட்டியவர் ஒருவர். மூவரையும் ஒரே பக்கத்தில் ஒரே ஆளாக எழுதியாக வேண்டும் என்று உட்கார்ந்தால் யாருக்கும் பேனா ஓடாது.

கட்டிலில் இருப்பவரிடமிருந்து தொடங்குகிறேன். மற்ற இருவரையும் மறைத்துக்கொண்டு நிற்பவர் அவர்தான்.

நம் நினைவு கால அளவைக் கணக்குப் பார்ப்பதில்லை. டேனியல் கானமன் என்ற உளவியலாளர் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 நொடி கையை வைத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 நொடி, அதோடு கூடுதலாக 30 நொடி, அந்த 30 நொடியில் மட்டும் நீர் ஒரு டிகிரி சூடேறும். எதைத் திரும்பச் செய்ய விருப்பம் என்று கேட்டபோது, பெரும்பாலானவர்கள் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். அதில்தான் வலி அதிகம். ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. உச்சமும் முடிவும்தான் மனதில் தங்குகின்றன, நடுவில் எவ்வளவு நேரம் போனது என்பது தங்குவதில்லை. குளிர்ந்த நீரும் ஒரு தந்தையின் மரணமும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உங்களுக்குள் நடப்பதன் போக்கு இதுதான். 74 வருடம் என்றால் ஏறக்குறைய 3,850 வாரம். அதில் கடைசி ஐந்து வாரம் முன்னால் வந்து வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறது.

பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் போகப்போக இது தானாகவே பின்னுக்கு நகரும். கொஞ்சம் தள்ளிவிடவும் செய்யலாம். கண்ணை மூடி “அப்பா” என்று நினைத்தால் கட்டில்தான் வரும். அதனால் பொருளிலிருந்து தொடங்குங்கள். அந்தச் சைக்கிளின் மணி எப்படி ஒலிக்கும்? குடைக் கம்பு எந்தக் கையில் இருக்கும்? அவருடைய கையெழுத்தில் ஏதாவது வீட்டில் இருக்கிறதா? அவரை முப்பது வயதில் பார்த்த யாராவது உயிரோடு இருந்தால் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஓர் ஆளோடு திரும்பி வருவீர்கள்.

இனி அந்தக் கை. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயை நோயாளி பாதியில் இழுத்துவிட்டால் உள்ளே போகிற திரவம் நுரையீரலுக்குப் போய்விடலாம். அதனால்தான் கட்டுகிறார்கள். முடிந்தவரை கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இன்றைய மருத்துவத்திலேயே பலர் வலியுறுத்துவது. ஆகவே அதைப் பார்த்து உங்களுக்கு ஆகாமல் போனது பலவீனம் இல்லை. “அவர் உங்களை மன்னித்திருப்பார்” என்று சொல்லி இந்த இடத்தைக் கடந்துவிட எனக்கு மனமில்லை. அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் அவிழ்க்கச் சொன்னார், உங்களால் அவிழ்க்க முடியவில்லை. அவிழ்த்திருந்தால் அவருக்கு இன்னும் பெரிய கெடுதல் நடந்திருக்கக்கூடும். பார்க்கப் பொறுக்காமல் திரும்பிக்கொண்டீர்கள். நடந்தது இவ்வளவுதான். இதில் குற்றம் என்று எழுத ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை. துக்கம் என்று எழுத நிறைய இருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள். அரசாணை எழுதுகிறவர்களிடமும் அந்தக் கட்டிலைப் பற்றி ஏதாவது ஒன்று இருக்கும்.

சரி, பொறாமைக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் மிகவும் வெட்கப்பட்ட இடம் இது.

உங்கள் மகன்மீது உங்களுக்கு வந்திருப்பதைப் பொறாமை என்றே வைத்துக்கொள்வோம், பெயரை மாற்றிப் பூசி மெழுக வேண்டாம். பொறாமை யாருக்கு வரும்? தனக்கும் அது வேண்டும் என்று இருப்பவருக்கு வரும். பதினோரு வயதில் போர்டை மடித்து வைத்த பெண் அதற்குப் பிறகும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வேலை கிடைத்த அன்று காத்திருந்தாள். கதவோரம் நின்று பார்த்தபோதும் காத்திருந்தாள். அப்பா உயிரோடு இருந்தவரை ஒரு வாய்ப்பு இருந்தது. என்றைக்காவது ஒரு நாள் “பிரமாதம்மா” என்று சொல்லிவிடுவார் என்று. எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த வாய்ப்பும் அவரோடு போய்விட்டது. ஆக உங்களுக்கு இழப்பு இரண்டு. ஒன்றுக்கு எல்லாரும் வந்து ஆறுதல் சொன்னார்கள். இன்னொன்று நடந்தது என்றே யாருக்கும் தெரியாது. மகன் எழுதிய அந்த அரைப் பக்கம் இரண்டாவதைத் தொட்டுவிட்டது, அதனால்தான் கோபம்.

கண்டிப்பான அப்பாக்களை இழந்தவர்கள் என் முன்னால் வந்து உட்காரும்போது பெரும்பாலும் ஒரு வாக்கியம் வரும்: “நாங்க அவ்வளவு நெருக்கம் இல்ல, அப்புறம் ஏன் எனக்கு இப்படி இருக்கு?” நெருக்கமாக இருந்தவர்களுக்குத்தான் துக்கம் பெரிது என்று ஊர் நம்புகிறது. கணக்கு முடியாமல் போனவர்களுக்கு அது வேறு வகையில் பெரிது. சிக்மண்ட் ஃபிராய்டின் தந்தை 1896-இல் இறந்தார். அப்போது ஃபிராய்டுக்கு நாற்பது வயது. கனவுகளைப் பற்றிய தன் புத்தகம் அந்த மரணத்துக்குத் தன் மனம் காட்டிய எதிர்வினைதான் என்பது எழுதி முடித்த பிறகே தனக்குப் புரிந்தது என்று 1908-இல் இரண்டாம் பதிப்புக்கான முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். மனதைப் படிப்பதே தொழிலாகக் கொண்டவருக்கே அப்பா என்றால் பின்னால்தான் புரிகிறது.

அவர் ஏன் அப்படி மாறினார் என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் “யார் இவர்?” என்பது அந்தக் கேள்விதான். பெர்னிஸ் நியூகார்ட்டன், கரோல் வெயின்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-இலேயே தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளோடு பழகும் விதங்களைப் பிரித்துக் காட்டினார்கள். அதில் ஒன்று விளையாட்டுத் தோழனாக இருப்பது. அதிகாரமும் கண்டிப்பும் அந்த உறவில் வேலை செய்வதில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. பிள்ளையை வளர்க்கும்போது ஓர் ஆணுக்கு முப்பது, நாற்பது வயது. வேலை, கடன், இந்தப் பிள்ளை கரை சேருமா என்கிற பயம். மீதி எட்டு மார்க் எங்கே என்று கேட்டது அந்தப் பயம்தான் என்று தோன்றுகிறது. பேரனிடம் வரும்போது பயப்படுகிற வேலை வேறொருவருடையது ஆகிவிடுகிறது. அதாவது உங்களுடையது. இப்போது வீட்டில் “ஹோம்வொர்க் முடிச்சியா?” என்று கேட்கும் குரல் யாருடையது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ஒரு விளக்கத்தை நான் தரமாட்டேன். “உங்களுக்குச் செய்யாததைத்தான் உங்கள் மகனுக்குச் செய்தார், அது உங்களிடம் கேட்ட மன்னிப்பு” என்று யாராவது சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாத மன்னிப்பை அவர் சார்பில் நான் கேட்க முடியாது. உங்களுக்கு வர வேண்டியது உங்களுக்கு வரவில்லை. அதை வராததாகவே வைத்துக்கொண்டும் அவரை நேசிக்க முடியும். மழையில் குடை உங்கள் பக்கம் சாய்ந்திருந்ததை நீங்கள் மறக்கவில்லையே.

இப்போது நோட்டுப் புத்தகம். உண்மையை எழுதலாமா?

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற இரு உளவியலாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் பிள்ளைகளிடம் இருபது கேள்விகள் கேட்டார்கள். அம்மாவும் அப்பாவும் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா, தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா என்பது மாதிரி. குடும்பக் கதைகள் அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. உடனே இருபது கேள்வியையும் மனப்பாடம் செய்ய வைத்துவிடாதீர்கள். விடை தெரிவதால் வருவதில்லை அது. அந்த விடைகளைச் சொல்ல நேரம் ஒதுக்கும் வீட்டில் வளர்வதால் வருவது. அவர்கள் சொன்ன இன்னொன்று உங்களுக்கு முக்கியம். குடும்பக் கதையை மூன்று விதமாகச் சொல்கிறார்கள்: ஒன்றுமில்லாமல் இருந்தோம், மேலே வந்தோம் என்று, எல்லாம் இருந்தது, போய்விட்டது என்று, ஏறினோம் இறங்கினோம், சேர்ந்தே நின்றோம் என்று. பிள்ளைகளுக்குப் பலம் தருவது மூன்றாவது கதைதான் என்பது டியூக்கின் கருத்து. எனக்கும் அது சரியென்றே படுகிறது. தாத்தா குறையே இல்லாதவர் என்று கேட்டு வளரும் பிள்ளை, தன்னிடம் முதல் குறையைக் காணும்போது தனியாளாகிவிடுகிறது.

அதற்காக மகனிடம் இன்னொரு முறை பேசும்போது தாத்தாவை அவனிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள். போன முறை நடந்தது அதுதான். அவன் காதில் விழுந்தது “உன் தாத்தா நல்லவர் இல்லை” என்று. நீங்கள் சொல்ல வந்தது “எனக்கும் அப்படி வேண்டியிருந்தது” என்று. அதையே நேராகச் சொல்லுங்கள். “உன்னோட தாத்தாவா இருந்தப்ப அவர் ரொம்ப ஜாலி. என்னோட அப்பாவா இருந்தப்ப கொஞ்சம் ஸ்ட்ரிக்ட். எனக்கும் ஒரு தடவை ஜெயிக்கணும்னு ஆசையா இருந்துச்சு.” ஒன்பது வயதுக்கு இது புரியும். வேண்டுமென்றே தோற்கிறார் என்பதைக் கண்டுபிடித்து, அதைக் கண்டுபிடித்தது அவருக்குத் தெரியாமலும் பார்த்துக்கொண்ட பையன் அவன். பெரியவர்கள் மனதைப் படிப்பதில் நம்மில் பலரைவிடக் கெட்டிக்காரன். பத்து நிமிடத்தில் எழுதிவிட்டு விளையாட ஓடிவிட்டானே என்றும் கவலை வேண்டாம். பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான் வரும். ஐந்து நிமிடம் அழுகை, ஆறாவது நிமிடம் பந்து, மூன்று வாரம் கழித்துத் தூங்கப் போகும் நேரத்தில் திடீரென்று ஒரு கேள்வி. அந்தக் கேள்வி வரும்போது கையில் இருக்கும் வேலையை வைத்துவிடுங்கள்.

இளைய மகள் விஷயம் வேறு. பெரும்பாலான பெரியவர்களுக்கு நினைவில் இருக்கும் முதல் சம்பவமே மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்தது. இரண்டு வயதுகூட ஆகாதபோது பார்த்த தாத்தா அவளுக்குச் சொந்த நினைவாகத் தங்க வாய்ப்பு குறைவு. நீங்கள் சந்தேகப்படுவது சரிதான், சொல்லிக்கொடுத்ததால்தான் சொல்கிறாள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர்களைப் பற்றிக்கூட நாம் எல்லாரும் உரிமையோடு பேசுகிறோம், யாரோ சொல்லிக்கொடுத்ததால்தான். அவளுக்கு அவர் உங்கள் வாய்வழியாக மட்டுமே கிடைப்பார். அதனால்தான் உங்கள் பக்கம் வெள்ளையாக இருக்கக் கூடாது என்கிறேன். அண்ணனின் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு பதவி உயர்வு கிடைக்கும், அவ்வளவுதான். (அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். தேதிகளும் தேவைதான், இருபது வருடம் கழித்து அதற்குத்தான் எல்லாரும் அவரைத் தேடுவார்கள்.)

எப்படி எழுதுவது? முதலில் நோட்டில் எழுதாதீர்கள். தனித்தாளில் அவருக்கே எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் செய்த சோதனையில், மனதைப் பாதித்த சம்பவத்தைப் பற்றி மாணவர்கள் நான்கு நாள் தொடர்ந்து தினமும் 15 நிமிடம் எழுதினார்கள். எழுதிய அன்று மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. எல்லாருக்கும் பலிக்கும் மருந்து இல்லை இது, துக்கத்தில் இருப்பவர்களிடம் செய்த சில சோதனைகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நீங்கள் அவரிடம் சொல்லாத வாக்கியங்கள் உங்களுக்குள் சேர்ந்திருக்கின்றன. “மீதி எட்டு எங்கன்னு கேட்டீங்களே, 92 எங்க போச்சுப்பா?” என்று தொடங்குங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம். எழுதி முடித்துக் கிழித்துவிடலாம், பூட்டியும் வைக்கலாம். யாருக்கும் காட்டத் தேவையில்லை.

அந்தத் தாளில் கோபம் இறங்கிய பிறகு நோட்டை எடுங்கள். “என் அப்பா எப்படிப்பட்டவர் என்றால்” என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் தீர்ப்பு எழுத வேண்டியிருக்கும், நல்லவரா கெட்டவரா என்று. உங்கள் கடிதத்திலேயே பக்கம் தயாராக இருக்கிறது. அந்தரத்தில் ஒரு நொடி நின்ற கை. அதை எழுதுங்கள். அவர் ஏன் அந்த ஒரு நொடி காத்திருந்தார்? ராணியை உடனே எடுத்திருக்கலாமே? எனக்கு விடை தெரியாது, உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம், தெரியாது என்றே எழுதலாம். பிறகு சைக்கிள், குடை, பேசாத வழி. அப்புறம் “பிரமாதம்டா.” நடுவில் “ஆனால்” போட்டு இணைக்க வேண்டாம். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வைத்துவிடுங்கள். அம்மா கேட்ட நல்ல நாலு வார்த்தை அதற்குள் தானாக இருக்கும். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது, அவரிடமும் இதேபோல ஒரு “சரி” இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு இருபது வருடம் என்றால் அவருக்கு அதைவிட அதிகம்.

இன்னும் எத்தனை நாள் இப்படி என்ற கேள்வி உங்கள் கடிதத்தின் ஓரத்தில் நிற்கிறது. துக்கத்துக்கு ஐந்து படிநிலைகள் என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அதை எழுதியது, தான் இறக்கப் போகிறோம் என்று அறிந்த நோயாளிகளோடு பேசி. பின்னால் அது உறவை இழந்தவர்களுக்கும் படிக்கட்டு மாதிரி மாட்டப்பட்டுவிட்டது, ஏறாதவர்கள் எல்லாரும் தங்களிடம் ஏதோ கோளாறு என்று பயப்படுகிறார்கள். எங்கள் துறை செய்த தொல்லைகளில் இதுவும் ஒன்று. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் சொன்னது நான் தினமும் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் போவார், ஒரு நேரம் அன்றாட வேலையின் பக்கம் வருவார், இரண்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருப்பார். வாரம் ஒருமுறை 14 நொடி, மற்ற நேரம் வேலையும் பிள்ளைகளும் என்றால், அது அந்தப் போக்குவரத்துதான். ஒன்று மட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 முதல் நடப்பில் இருக்கும் பதிப்பில், நீடித்த துக்கம் ஒரு நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் கடந்த பிறகும், அவரவர் சமூகத்தில் வழக்கமாக இருப்பதைவிட மிக அதிகமாக, ஏக்கமோ அவரைப் பற்றிய நினைப்போ விடாமல் பிடித்துக்கொண்டு, அன்றாட வாழ்க்கையே முடங்கிப் போனால்தான் அந்தப் பெயர். உங்கள் கடிதத்தில் எனக்கு அது தெரியவில்லை. தூக்கம் போய்விட்டது, வேலைக்குப் போக முடியவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் மட்டும், எனக்கு அடுத்த கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அந்தக் குரலை யாருக்கும் தெரியாமல் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இறந்தவரோடு உள்ள உறவை அறுத்துக்கொண்டால்தான் தேற முடியும் என்று எங்கள் துறையே ஒரு காலத்தில் சொன்னது. 1996-இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும், மனிதர்கள் அப்படி அறுத்துக்கொள்வதில்லை, உறவு வேறு வடிவத்தில் தொடர்கிறது, அதில் தவறொன்றும் இல்லை என்று எடுத்துக்காட்டினார்கள். ஆகவே தாராளமாகக் கேளுங்கள். ஒரு நாள் மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள், அவனுக்கும் அதில் பங்கு உண்டு. “ஒண்ணுமில்ல, சும்மாதான்” என்று சொல்வதற்காக ஒருவர் போனை எடுத்து, எங்கே அழுத்துவது என்று தடுமாறி, உங்களுக்குப் பேசியிருக்கிறார். பேரனுக்கு அனுப்பியது இல்லை அது.

போன்கள் கீழே விழும், தண்ணீரில் விழும், ஒரு நாள் காரணமே இல்லாமல் அணைந்துபோகும். அந்தப் பதிவை இன்றைக்கே வேறு இரண்டு இடங்களில் எடுத்து வைத்துவிடுங்கள். ஒன்றை அண்ணனுக்கு அனுப்புங்கள். நோட்டு எழுதுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.